டப்பாவும் மின்னியும்

அவளைக் கட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது லேபிள் ஆலையில். சட்டைக் காலரின் உட்பக்கம் தைக்கிற சின்னஞ்சிறு துணி லேபிள்களை நெய்கிற இடம் அது. நெய்வதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தையும் சின்னத்தையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து தர வேண்டும். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. சிங்கம் வேண்டும் என்று கேட்டால் நாற்பது கட்டத்துக்குள் சிங்கம் நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகி நாய் மாதிரி ஆகிவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வயதில் அந்த வேலைக்குப் போனவளுக்கு ஆறே மாதத்தில் கண் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கை எத்தனை கட்டத்தில் அடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டிருக்கிறாள். கட்டம் போடுகிற அக்கா சுருங்கிக் கட்டக்கா ஆனாள். ஆள் என்னவோ நல்ல நெட்டை. பெயரைக் கேட்டுத் தேடி வருகிறவர்கள் அவளிடமே வந்து, அந்தக் கட்டையா இருப்பாங்களே அவங்க எங்கே என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் அவள் தங்கை பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கட்டத்தாளில் படம் வரையத் தெரிந்தவர் தேவை என்று மட்டும் இருந்தது. வேறு லேபிள் ஆலையாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனாள். போய்ப் பார்த்தால் ஒரு பிஸ்கட் கிடங்கின் மாடி. முதுகு திறந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. அதுவரை தொலைக்காட்சி பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அங்கே வீடியோ விளையாட்டு இயந்திரம் தயாரிக்கப் புறப்பட்டிருந்தார். ஆள் உயர மரப்பெட்டி, முகத்துக்கு நேரே திரை, அதன் கீழே ஒரு கைப்பிடியும் இரண்டு பொத்தான்களும். பேருந்து நிலையத்திலும் திரையரங்கு வாசலிலும் வைத்தால் மக்கள் காசு போட்டு ஆடுவார்கள். திரையில் ஓடுகிற உருவங்கள் எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை. அதை வரையத்தான் ஆள் தேடினார்கள்.

அவள் கொண்டு போயிருந்த லேபிள் சிங்கத்தைப் பார்த்துவிட்டு முதலாளி எழுந்துகொண்டார். உள்ளே பார்த்து, "சோடா, இங்க வா, ஆள் கெடச்சாச்சு" என்று குரல் கொடுத்தார்.

சோடாபுட்டி என்பது அவனுக்குக் கண்ணாடி வைத்த பெயர். அத்தனை தடிமன். அவளைவிட இரண்டு வயது இளையவன். இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது அவன் வேலை. கைப்பிடியைத் தள்ளினால் உருவம் நடக்க வேண்டும், பொத்தானை அமுக்கினால் குதிக்க வேண்டும் என்பதையெல்லாம் எண்களாக எழுதிச் சிப்புக்குள் ஏற்றுவான். முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட்டான். அவள் அவனைச் சோடா என்றே கூப்பிட்டாள். ஆறு வருடம் அந்த மாடியில் இருவரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆறு வருடத்தைப் பற்றி இப்போது கேட்டாலும் கட்டக்காவுக்கு முதலில் நினைவு வருவது மணம்தான். வெயில் ஏற ஏறக் கீழே கிடங்கிலிருந்து வெண்ணெய் பிஸ்கட்டின் மணம் தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். அதோடு ஈயம் பற்றவைக்கிற புகை. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் தலையைத் திருப்பித் திருப்பி எல்லாருக்கும் பங்கு வைக்கும். அவள் தாள் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் பழைய பொத்தான்களை வைத்துக்கொள்வாள். வண்ணப் பென்சிலால் கட்டங்களை நிரப்பி முடித்ததும் சோடா அதைப் பார்த்து எண்களாக மாற்றுவான். கொஞ்ச நேரத்தில் அவள் வரைந்தது திரையில் நிற்கும், கண்ணைச் சிமிட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். என்னாச்சுக்கா என்று அவன் பின்னாலேயே வந்தான். ஒண்ணுமில்ல, லேபிள்ல சிங்கம் நகராது, அதான் என்றாள்.

ஆனால் ஆடிப் பார்க்க மட்டும் அவள் கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஒரு தடவை கைப்பிடியைப் பிடிச்சுப் பாருங்கக்கா என்று சோடா எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். நான் வரையறவ, ஆடறவ இல்ல என்று சொல்லிவிடுவாள். அவன் ஆடும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

ஐந்தாம் வருடம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரு முகம் இருக்கிறது, பிள்ளைகள் அந்த முகத்துக்காகத்தான் ஓடி வருகிறார்கள், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். கட்டக்கா நாலு மாதம் உட்கார்ந்து மின்னியை வரைந்தாள். நீலமும் வெள்ளையுமாக ஒரு குருவி. உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு நாடா மாதிரி இரட்டை வால். இருபத்துநாலு கட்ட அகலம், இருபத்துநாலு கட்ட உயரம். அன்றைய இயந்திரத்துக்கு அது பெரிய யானை. மின்னி குதிக்கும்போது முதலில் வாலைச் சுருட்டும், பிறகு உந்தி எழும்பும், உச்சியில் வால் இரண்டும் விசிறியாக விரியும், மெல்ல இறங்கும். இந்த ஒரு குதிப்புக்கு மட்டும் ஒன்பது படம். விடிந்தால் அடைந்தால் அதே நினைப்பாக இருந்தாள். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிடுறியா இல்ல அதையும் எண்ணிக்கிட்டு இருக்கியா என்று கேட்பாள்.

மின்னி வேலை நடந்துகொண்டிருந்தபோதே முதலாளிக்கு ஓர் அவசரம் வந்தது. வெளியூர்க் கடை ஒன்றுக்குச் சொன்ன தேதியில் இயந்திரம் போயாக வேண்டும். மின்னியோ பாதியில் நிற்கிறாள். கைக்கு அடக்கமாக ஏதாவது ஒரு சின்ன விளையாட்டைப் போட்டு அனுப்பு என்று சோடாவிடம் சொல்லிவிட்டார். சிப்பில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. அவன் வந்து எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஏதாவது ஒன்று வரைந்து கொடுங்கள், எதுவானாலும் சரி என்றான். மின்னியை விட்டு எழுந்து வர வேண்டியிருந்ததே என்று அவளுக்கு ஒரே எரிச்சல். எட்டுக் கட்டத்தில் என்ன வரும்? ஒரு சதுரம் போட்டாள். கண்ணுக்கு இரண்டு புள்ளி. கீழே இரண்டு பாதம். குதிக்கும்போது மேல்மூடி மட்டும் தனியே எம்பட்டும் என்று இன்னொரு படம். மதியம் ஆரம்பித்தது, தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வாய் வைக்கக் கட்டம் மிஞ்சவில்லை, வைக்கவில்லை. என்ன பேர்க்கா வைக்கலாம் என்று சோடா கேட்டான். பார்த்தா டப்பா மாதிரிதானே இருக்கு, ஆட்டமும் டப்பாதான், அதையே வச்சுத் தொலை என்றாள்.

அப்படித்தான் டப்பா பிறந்தது. விளம்பரம் இல்லை, பலகை இல்லை. போன இடத்தில் சத்தமில்லாமல் நின்றது, பார்த்த கடைக்காரர்கள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கினார்கள்.

டப்பாவை அனுப்பிய கையோடு மின்னியின் வேலை மறுபடி தொடங்கியது. அப்போதுதான் சண்டையும் தொடங்கியது. ஒன்பது படத்தை மூன்றாகக் குறைக்கச் சொன்னான் சோடா. ஏன் என்று கேட்டதற்கு, கைக்கு வரலக்கா, ஆடிப் பாத்தா உங்களுக்கே தெரியும் என்றான். அவளுக்கு அது சாக்குப்போக்காகத் தோன்றியது. எண் எழுதச் சோம்பல், அதனால் என் குருவியின் வாலை வெட்டச் சொல்கிறான் என்று நினைத்தாள். நேரே முதலாளியிடம் போனாள். முதலாளி மின்னியின் வால் விரிவதைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். ஒரு படம்கூடக் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டார். சோடா போய் ஒன்பது படத்தையும் அப்படியே எண்ணாக மாற்றினான்.

மின்னி வந்தாள். ஊரெங்கும் பலகை வைத்தார்கள். புத்தகப்பை, சாப்பாட்டு டப்பா, அழிப்பான், தண்ணீர் பாட்டில் என்று எதைப் பார்த்தாலும் மின்னி. கட்டக்காவின் தங்கை அப்போதுதான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தாள். இன்னிக்கு மட்டும் பன்னெண்டு மின்னி பையைப் பாத்தேன் என்று மாலையில் வந்து சொல்வாள். கட்டக்கா ஒன்றும் கேட்காதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருப்பாள். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

அந்தச் சந்தோஷம் எட்டு மாதம் நீடித்தது. திரையரங்கு வாசலில் மின்னி இயந்திரத்தின் முன்னால் கூட்டம் கரைந்தது. பிள்ளைகள் ஒரு தடவை ஆடுவார்கள், பள்ளத்தில் விழுவார்கள், கையை உதறிக்கொண்டு பக்கத்து இயந்திரத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்து இயந்திரத்தில் பெரும்பாலும் டப்பாதான் ஓடிக்கொண்டிருந்தது. மின்னி இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மாடியில் அடுக்கப்பட்டன. முதலாளிக்கு முகம் தொங்கிப்போனது. ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு, எங்கே தப்பு நடந்தது என்று கேட்டார்.

கட்டக்கா எழுந்தாள். அன்றைக்கு அவள் பேசியது அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "குதிப்பை இவன்தான் வேணும்னே மெதுவாக்கியிருக்கான். நான் உங்ககிட்ட போட்டுக்கொடுத்துட்டேன்னு வஞ்சம். அவன் ஆட்டத்துல டப்பா பட்டுப் பட்டுன்னு குதிக்குது, என் மின்னி மட்டும் நொண்டுது. இதுக்கு வேற என்ன அர்த்தம்?"

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அறை. சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டிக்கொண்டான். மேசை இழுப்பறையைத் திறந்து அதிலிருந்த தாள்களையும் தன் சாமான்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அடுத்த வருடமே முதலாளி கடையை மூடினார். டப்பாவை மட்டும் வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. மின்னியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இவர் சும்மா கொடுத்தார். அவர்கள் வாங்கிப் பரணில் போட்டார்கள்.

கட்டக்கா லேபிள் ஆலைக்குத் திரும்பினாள். பிறகு கணினி வைத்துப் பூவேலை செய்கிற ஓரிடத்தில் இருபது வருடம். கல்யாணம் ஆனது, கணவர் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர், நல்ல மனிதர், பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு தங்கையும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இதற்கிடையில் டப்பா பெருகிக்கொண்டே போனது. தொலைக்காட்சியில் செருகி ஆடும் பெட்டிக்கு வந்தது, கணினிக்கு வந்தது, கைப்பேசிக்கு வந்தது. ஆட்டோ முதுகில் டப்பா, பனியனில் டப்பா, பிறந்தநாள் கேக்கின் மேல் டப்பா. ஒரு தடவை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒரு பெண்குழந்தை சுண்ணாம்புக்கட்டியால் தரையில் ஒரு சதுரம் போட்டு, இரண்டு புள்ளி வைத்து, இரண்டு கால் இழுத்தது. அதன் அம்மா பார்த்தாள், உடனே டப்பா என்று சொல்லிச் சிரித்தாள். கட்டக்காவுக்குச் சுருக்கென்றது. நாலு மாத உழைப்பை யாருக்கும் தெரியாது. தேநீருக்கு முன் கிறுக்கியதை உலகமே கொண்டாடுகிறது. தான் வரைந்தது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அறுபத்துநாலாவது வயதில் அவளுக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களைச் சரிசெய்து வைத்திருக்கிறார்களாம், மூன்று மாதம் காட்சி, யாரும் வந்து ஆடலாம், நீங்கள் அவசியம் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. முகவரி எப்படிக் கிடைத்தது என்று இருவருக்கும் புரியவில்லை. தங்கைதான் பிடிவாதமாகக் கிளப்பினாள். நீ வரலைன்னா நான் மட்டும் போய் நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிடுவேன் என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை போனார்கள். நீளமான கூடம், இருபது இருபத்தைந்து இயந்திரங்கள். டப்பாவின் முன்னால் வரிசை. நரைத்த தலைகளும் இருந்தன, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். வரிசையில் நின்ற ஓர் ஓட்டுநர், வேலைச் சீருடையிலேயே வந்திருந்தவர், யாரோ பழைய நண்பனைப் பார்க்க வந்தவர் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் மாட்டியிருந்தது. கட்டக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் தாள். எட்டுக்கு எட்டு. பென்சில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அதன் பக்கத்தில் மின்னியின் ஒன்பது தாள்களும் வரிசையாக. கீழே ஓர் அட்டை: ஓவியம் என்று போட்டு முதலெழுத்தோடு அவள் முழுப்பெயர், தாள்களைப் பாதுகாத்து வைத்திருந்து வழங்கியவர் என்று போட்டு இன்னொரு பெயர். அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்த பிறகுதான் அது சோடாவின் பெயர் என்று விளங்கியது. ஆறு வருடம் எதிரே உட்கார்ந்தவனின் முழுப்பெயரை அன்றுதான் எழுத்தில் பார்க்கிறாள்.

தங்கை அவளை டப்பா வரிசையில் தள்ளிவிட்டாள். முறை வந்ததும் கட்டக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைப்பிடியைப் பிடித்தாள். பொத்தானைத் தொட்டாள். தொட்டதுதான் தெரியும், டப்பா மேலே இருந்தது. இன்னொரு தடவை தொட்டாள், மூடி எம்பியது, டப்பா பள்ளத்தைத் தாண்டியது. விரல்தான் குதிக்கிறதோ என்று தோன்றியது. அவளை அறியாமலே சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற ஓட்டுநர், "நல்லா வருதே உங்களுக்கு" என்றார். மூன்று சுற்று ஆடிவிட்டு விலகினாள்.

பிறகு மின்னியிடம் போனாள். அங்கே வரிசை இல்லை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் ஆடி முடித்துவிட்டு, நீங்க ஆடுங்கம்மா என்று ஒதுங்கி நின்றாள். கட்டக்கா பொத்தானை அமுக்கினாள். மின்னி வாலைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே பள்ளத்தில் விழுந்தாள். மறுபடி அமுக்கினாள், மறுபடி விழுந்தாள். ஐந்தாவது தடவையும் அப்படியே ஆனதும் கட்டக்கா கையை எடுத்துவிட்டாள்.

"முன்னாடியே அமுக்கணும்மா," என்றாள் அந்தப் பெண். "பள்ளம் வர்றதுக்கு ரெண்டு எட்டு இருக்கும்போதே. அது மொதல்ல வாலைச் சுருட்டும். சுருட்டி முடிச்சாத்தான் எழும்பும்."

வாலைச் சுருட்டுவது முதல் மூன்று படம். அந்த மூன்றையும் வரைந்தது அவள்தான். எந்தெந்தக் கட்டத்தில் நீலம், எதில் வெள்ளை என்று இன்றைக்கும் சொல்லுவாள். விரல் அமுக்கிய கணத்துக்கும் குருவி எழும்புகிற கணத்துக்கும் நடுவில் அந்த மூன்று படமும் உட்கார்ந்திருந்தன. யாரும் எதையும் மெதுவாக்கவில்லை. கைக்கு வரலக்கா என்று அவன் சொன்னது இதைத்தான். கட்டக்காவுக்குக் காது அடைத்தது. இயந்திரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் பயந்துபோய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பல் மருத்துவரிடம் செவிலியாக இருக்கிறாளாம். மயக்கம் போட்டு விழுபவர்களைப் பார்த்துப் பழக்கமாம். தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் கட்டக்கா கேட்டாள், இத்தனை கஷ்டமாக இருக்கிறதே, நீ ஏன் இதை ஆடுகிறாய் என்று.

செவிலி தயங்காமல் சொன்னாள். அவளுக்கு மூன்று அண்ணன்கள். பேருந்து நிலையத்தில் டப்பாவை அவர்கள் விடவே மாட்டார்கள், இவளுக்கு முறையே வராது. மின்னி இயந்திரம் எப்போதும் சும்மா நிற்கும். அதனால் அதை ஆடினாள். "மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் அது எப்ப எழும்பும்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. சரியா அமுக்கினீங்கன்னா மேல போயி ஒரு நொடி அப்படியே நிக்கும் பாருங்க, வால் விரியும். அதைப் பாக்கத்தான் ஆடுவேன். எங்க அண்ணனுங்க ஒருத்தரும் அதைப் பாத்ததே இல்ல."

அன்று மதியம் வரை செவிலி பக்கத்தில் நின்று, இப்ப, இப்ப என்று சொல்லிக்கொடுத்தாள். பதினைந்தாவது தடவையோ என்னவோ, மின்னி பள்ளத்தைத் தாண்டினாள். உச்சியில் வால் விரிந்தது. சோடாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். தன் விரலால் விரிய வைத்துப் பார்ப்பது வேறாக இருந்தது. யார் வரைந்தது என்பதைத் தங்கை போட்டு உடைத்துவிட்டாள். செவிலி சட்டத்துக்குள் இருந்த தாள்களையும் கட்டக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நூலகத்தில் கேட்டுச் சோடாவின் முகவரியை வாங்கி, மறுநாளே போனாள். ஊரின் மறுகோடியில் ஒரு மாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்தவரைப் பார்த்து, சோடா இருக்காரா என்று கேட்டாள். நான்தான்க்கா என்றார் அவர். மூக்கின் மேல் கண்ணாடியே இல்லை. கண்ணில் அறுவை செய்து லென்ஸ் வைத்துவிட்டார்களாம், இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். கண்ணாடி இல்லாத அந்த முகம் அவளுக்குப் பழகவே கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பெனியை விட்டு வந்தபின் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றிருந்தான். மனைவி தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ரெண்டு பேரும் பேசுங்க என்று உள்ளே போனார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததில் ஒன்றையும் கட்டக்கா எடுக்கவில்லை. "நேத்து ஆடிப் பாத்தேன் சோடா," என்று மட்டும் சொன்னாள்.

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு," என்றான்.

"எட்டுப் பேருக்கு முன்னாடி உன்ன அப்படிச் சொல்லிட்டேன். தப்பு என் மேல. உன் மேல கொஞ்சம்கூட இல்ல. அந்த எட்டுப் பேரையும் கூட்டிவச்சுச் சொல்லணும்னுதான் ஆசை, ஆனா பாதிப் பேர் போய்ச் சேந்துட்டாங்க."

"நான் மட்டும் என்ன யோக்கியம். ஒரு தாளை எடுத்து, அக்கா இங்க பாருங்க, இந்த மூணு படம் நடுவுல நிக்குதுன்னு காட்டியிருந்தா உங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருக்கும். காட்டல. நீங்க மொதலாளிகிட்ட போனீங்கன்னு வீம்பு. ஆட்டம் படுக்கட்டும்னு உள்ளுக்குள்ள நெனச்சேன் கூட. அதனாலதான் அன்னிக்கு என்னால பதில் சொல்ல முடியல."

இதைக் கேட்க அவள் வரவில்லை. ஆனாலும் கேட்டபின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்தது. அப்ப ரெண்டு பேருமா சேந்துதான் மின்னியைக் கெடுத்தோம் என்றாள். அவன் சிரித்தான். அழுதது போலவும் இருந்தது.

பிறகு பேச்சு எங்கெங்கோ போய் டப்பாவிடம் வந்து நின்றது. அது மட்டும் எப்படி நிலைத்தது என்று அவள் கேட்டாள். அவன் இதைப் பற்றி வருடக்கணக்காக யோசித்திருக்கிறான் என்பது அவன் பேசிய விதத்திலேயே தெரிந்தது. கை சொன்னதை அந்தக் கணமே கேட்கிறது, அதுதான் முதல் காரணம் என்றான். அதற்கு வாய் கிடையாது, அதனால் ஜெயித்தால் சிரிப்பது போல இருக்கும், தோற்றால் அழுவது போல இருக்கும், ஆடுகிறவன் முகம்தான் அதன் முகம். குழந்தைகூட ஆறு கோட்டில் வரைந்துவிடும். மின்னியைச் சுவரில் வரைய யாரால் முடியும்? இன்னொன்றும் சொன்னான்: எட்டுக் கட்டம்தானே, புதுசு புதுசாக எந்தக் கருவி வந்தாலும் யாராவது ஒருவன் ஒரு மூலையில் அதை ஒட்டவைத்துவிட்டான். ஒரு தலைமுறை மறப்பதற்குள் அடுத்த தலைமுறையின் கையில் இருந்தது. "மீதி எல்லாம் அதிர்ஷ்டம்க்கா. வாங்கினவன் நல்லவனா அமைஞ்சான். அதையும் பரண்ல போட்டிருந்தா அதுவும் போயிருக்கும். நம்ம டப்பாவை விட நல்லா குதிச்ச எத்தனையோ ஆட்டம் இன்னிக்குப் பேர்கூட இல்லாம போயிருக்கு."

நம்ம டப்பா என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதுவும் தன் பிள்ளைதான் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

மின்னியின் நிரலும் அவனிடம் இருந்தது. மின்னியை அப்போதே இப்படிச் செய்திருக்கலாம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினான்: பொத்தானை அமுக்கியதும் உடம்பு எழும்பிவிட வேண்டும், வால் மட்டும் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் வரட்டும். ஒன்பது படத்தில் ஒன்றைக்கூட எறிய வேண்டாம். கட்டக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பென்சில் குடு என்றாள்.

இரண்டு மாதம், வாரம் மூன்று நாள், சோடா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேலை நடந்தது. வாலை உடம்பிலிருந்து பிரித்துப் புதிதாக வரைந்தாள். கை முன்பு போல் நிற்கவில்லை. கட்டத்துக்கு வெளியே போன நிறத்தை அழித்து அழித்துத் தாள் மெலிந்தது. இவன் எழுதுவான், இவள் இப்போது தானே ஆடிப் பார்த்து, இன்னும் ஒட்டல என்பாள். நூலகத்தின் அனுமதியும், பரணில் போட்டு வைத்திருந்த கம்பெனியின் அனுமதியும் கிடைத்தன. காட்சியின் கடைசி மாதம் பழைய இயந்திரத்திலேயே புது மின்னியை ஏற்றினார்கள். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பத்திரிகையில் ஓர் ஓரத்தில் செய்தி வந்தது. முதல் வாரம் அறுநூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். டப்பாவுக்கு அது ஒரு மணி நேரக் கணக்கு. ஆனால் மின்னியின் முன்னால் இப்போது எப்போதும் நாலைந்து பேர் நின்றார்கள், ஒரு தடவை விழுந்ததும் கையை உதறிக்கொண்டு போகவில்லை. கட்டக்காவுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

குறை சொன்னது ஒரே ஓர் ஆள்தான். செவிலி தொலைபேசியில் கூப்பிட்டாள். கோபம் இல்லை, சங்கடமான குரல். "தப்பா நெனக்காதீங்கம்மா. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. எனக்குத்தான் ஆட முடியல. சின்ன வயசுல முன்னாடியே அமுக்கிப் பழகின கை. இப்ப அது நான் அமுக்கினதுமே பறந்துடுது, பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே குதிச்சு, நேரா பள்ளத்துக்குள்ளயே போய் எறங்குது."

கட்டக்கா தொலைபேசியை வைத்துவிட்டுச் சோடாவைக் கூப்பிட்டாள். ஒரே ஒருத்திதான், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத நாளில் அவள் இருந்தாள் என்று சொன்னாள். அவன் அன்று இரவே வேலைக்கு உட்கார்ந்தான். ஆட்டத்தின் முதல் திரையில் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தான்: பழைய நடை. அதைத் தேர்ந்தெடுத்தால் மின்னி முதலில் வாலைச் சுருட்டுவாள், சுருட்டி முடித்த பிறகே எழும்புவாள்.

அடுத்த சனிக்கிழமை செவிலி வேலை முடிந்து நேரே நூலகத்துக்கு வந்தாள். மூன்று அண்ணன்களையும் கூட்டி வந்திருந்தாள், எல்லாருக்கும் வழுக்கை. அவர்கள் டப்பா வரிசைப் பக்கம் நழுவப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. மூவரையும் தன் பின்னால் நிற்கவைத்துவிட்டு, பழைய நடையைத் தேர்ந்தெடுத்து ஆட ஆரம்பித்தாள். உச்சியில் வால் விரிந்தபோது மூன்று பேரும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.